ஐந்து மாதக் குழந்தைக்குக் கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதே?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து மாதம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்தே இடது கண்ணில் நீர் வடிகிறது. காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. கண்ணீர்ப் பாதையில் அடைப்பு என்று சொல்லி மசாஜ் செய்யச் சொன்னார் டாக்டர். இரண்டு மாதமாகச் செய்தும் பலனில்லை. ஆபரேஷன்தான் வழியா?

பதில்: ஆபரேஷன் பயத்தை இப்போதைக்கு விடுங்கள் அம்மா. ஐந்து மாதம் என்பது காத்திருக்க வேண்டிய வயது.

கண்ணில் சுரக்கும் நீர் இமையோரத்துச் சிறு துளைகளில் இறங்கி, மூக்கோரம் இருக்கும் கண்ணீர்ப் பையில் சேர்ந்து, ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் போகிறது. நாம் அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். அந்தக் குழாய் மூக்கில் திறக்கும் இடத்தில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. பிறக்கும் நேரத்தில் அது திறந்திருக்க வேண்டும். சில குழந்தைகளுக்குத் தாமதமாகிறது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துவிடும்.

மசாஜ் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். "எப்படிச் செய்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டால் பல தாய்மார்கள் கண்ணுக்குக் கீழே பூப்போலத் தடவிக் காட்டுகிறார்கள். பிஞ்சு முகம், அழுத்த மனம் வராது. ஆனால் தடவினால் சவ்வு திறக்காது. நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணின் உள்மூலைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே சுண்டுவிரல் நுனியை வையுங்கள். விரலை எடுக்காமல் நிதானமாக அழுத்தி, மூக்கோரமாகவே கீழே இறக்குங்கள். தேங்கிய நீரின் அழுத்தம்தான் சவ்வைத் திறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. அழுத்தும்போது பீளை கண்ணுக்குள் எதிர்த்து வந்தால் பயப்படாதீர்கள். விரல் சரியாகப் பையின் மேல் இருக்கிறது என்று அர்த்தம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

சொட்டு மருந்து கிருமியைக் குறைக்கும், அடைப்பை நீக்காது. டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. உள்மூலை சிவந்து வீங்கித் தொட்டாலே குழந்தை அழுதால், காய்ச்சல் வந்தால், அன்றே டாக்டரிடம் போங்கள். அப்போது மசாஜ் கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வது, கருவிழி மங்கலாகவோ பெரிதாகவோ தெரிவது, இவை வேறு நோய். குழந்தைகளுக்கும் கண் அழுத்த நோய் வரும், அதிலும் நீர் வடியும். உடனே காட்டுங்கள்.

ஒரு வயதுக்குப் பிறகும் வடிந்தால் 'புரோபிங்' செய்வார்கள். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய கம்பியைக் கண்ணீர்த் துளை வழியாக விட்டுச் சவ்வைத் திறக்கும் சில நிமிட வேலை. கத்தி படாது, தையல் கிடையாது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அதிலும் அடைப்பு நீங்காத சில குழந்தைகளுக்குச் சிலிகான் குழாய் வைத்துச் சில மாதம் விடுவார்கள்.

அடுத்த முறை போகும்போது டாக்டர் முன்னாலேயே மசாஜ் செய்து காட்டுங்கள். விரல் சரியான இடத்தில் அழுந்துகிறதா என்று அவர் பார்க்கட்டும்.