காதல், ஃபேண்டஸி நாவல்களில் வரும் ‘அந்த’ விஷயங்களை விமர்சனத்தில் எப்படி எழுதுவது?

கேட்டவர் பினாங்கில் இருக்கிறார். ஃபேண்டஸியும் காதலும் கலந்த ஆங்கில நாவல்கள், தமிழில் இணையத்தில் வரும் காதல் தொடர்கள் இரண்டையும் நிறைய வாசிக்கிறாராம், தமிழில் விமர்சனம் எழுத ஆசையாம். ஆனால் அவற்றில் படுக்கையறைக் காட்சியும் வன்முறையும் வருகிறதே, அதை எழுதுவதா விடுவதா, எழுதினால் எந்த அளவுக்கு என்று கேட்கிறார். வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறதாம்.

எழுதுங்கள், மழுப்பாமல் எழுதுங்கள். கோலாலம்பூரில் இருந்துகொண்டு நானும் சில வருடங்களாக இதைத்தான் செய்கிறேன், இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கதையில் எவ்வளவு சூடு இருக்கிறது, அதாவது படுக்கையறைக் காட்சிகள் எவ்வளவு வெளிப்படையாக வருகின்றன என்பதை எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், எனக்கு அது இரண்டாவது கேள்விதான். நாயகியின் வாழ்க்கையை யார் முடிவு செய்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். விமர்சனம் அதற்குப் பதில் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பயனில்லை.

உதாரணத்தோடு சொல்கிறேன். ஆங்கிலத்தில் ரொமான்டசி எனப்படும், காதலும் ஃபேண்டஸியும் கலந்த நாவல்களில் ‘மேட்’ என்று ஒன்று வரும், விதியோ மாயமோ இரண்டு பேரை ஜோடி என்று தீர்மானித்துவிடும். அவனுக்குச் சில நூறு வயது, அவளுக்கு இருபதுகூட ஆகியிருக்காது, அவன் நினைத்தால் அவள் மனதுக்குள் நுழைந்து பார்க்க முடியும், ஆனாலும் இந்தப் பந்தம் இருப்பதால் அவன் செய்வதெல்லாம் காதலாகிவிடும். இப்போது நம் பக்கம் வாருங்கள். பிரதிலிபி என்ற கதைத் தளத்திலும் கிண்டிலிலும் தமிழில் வரும் ஆன்டி ஹீரோ கதைகளில், பழிவாங்க நினைப்பவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோவிலில் வைத்துத் தாலி கட்டிவிடுவான், அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அந்தத் தாலியே அனுமதிச் சீட்டு. மாயப் பந்தமும் கட்டாயத் தாலியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அவள் சொல்ல வேண்டிய பதிலை அவளுக்கு முன்பே வேறொன்று சொல்லிவிடுகிறது.

இதனால் இப்படிப்பட்ட கதைகளே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கற்பனையில் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுத்துப் பார்ப்பது பல பெண்களுக்குப் பிடித்த வாசிப்பு, எனக்கும் சில கதைகள் பிடிக்கும், வளர்ந்தவர்கள் எதை வாசிக்கிறார்கள் என்று அதட்டுவது விமர்சகரின் வேலையே கிடையாது. நடப்பது என்ன என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தக் காட்சி முடிந்த பிறகு வரும் பத்துப் பக்கத்தில் அது தெரிந்துவிடும். அவள் ‘வேண்டாம்’ என்று எங்காவது சொல்கிறாளா, சொன்னால் அவன் நிற்கிறானா? கிளம்பிப் போக நினைத்தால் அவளுக்குப் போக ஓர் இடம், கையில் கொஞ்சம் காசு, பேச ஒரு தோழி உண்டா? அவன் செய்ததற்கு அவன் எதையாவது இழக்கிறானா? தமிழ்த் தொடர்களில் இந்த இடத்தில் ஒரு வழக்கமான தந்திரம் இருக்கிறது, கடைசி அத்தியாயங்களில் நாயகனுக்கு விபத்து நடக்கும், அவள் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அவன் கண் திறந்ததும் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும், அடுத்தது குழந்தையின் பெயர் சூட்டு விழா. அவன் வாயால் நேராக ஒரு மன்னிப்புகூட வந்திருக்காது. இதை விமர்சனத்தில் சொல்லத்தான் வேண்டும், கதை நன்றாக ஓடினாலும் சொல்ல வேண்டும். நன்றாக ஓடும் கதையில் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவோம் என்பதால் அங்கேதான் இன்னும் அவசியம்.

நல்ல ஃபேண்டஸி எழுத்தாளர்கள் இதே ‘மேட்’ விஷயத்தை எடுத்து, பந்தம் இருந்தும் அவள் மறுக்கலாம் என்று வைத்துவிடுவார்கள். அந்த ஒரு மாற்றத்தில் கதையின் நிறமே மாறிவிடுகிறது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தாராளமாகப் பாராட்டுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். சூட்டையும் வன்முறையையும் ஒரே வரியில் போடாதீர்கள். ‘கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்’ என்று நம் ஆட்கள் எழுதுவதைப் படித்தால் ஒன்றும் புரியாது. இருவரும் விரும்பிச் சேரும் காட்சி விரிவாக இருக்கிறது என்று சொல்கிறார்களா, இல்லை வன்புணர்வு வருகிறது என்கிறார்களா? முதலாவதை ரசித்து வாசிக்கும் பலரால் இரண்டாவதைத் தாங்க முடியாது, சிலருக்கு அது சொந்த அனுபவமாகக்கூட இருக்கலாம். நான் இப்படி எழுதுவேன்: ‘இரண்டாம் பாதியில் பாலுறவுக் காட்சிகள் வெளிப்படையாக உண்டு, இருவருக்கும் சம்மதம். நாயகியின் இளவயதில் நடந்த வன்புணர்வு நினைவாக வருகிறது, விவரணை இல்லை. கருக்கலைவு ஓர் அத்தியாயம் முழுக்க வருகிறது.’ அவ்வளவுதான். கதை கெட்டுவிடாது, வாசிப்பவர் தனக்கு முடியுமா முடியாதா என்று தானே முடிவு செய்துகொள்வார். வாசித்த புத்தகங்களைப் பதிந்துவைக்கும் ஸ்டோரிகிராஃப் தளத்தில் வாசகர்களே இப்படிக் குறிப்பிட முடிகிறது, விவரமாக, மிதமாக, போகிற போக்கில் என்று மூன்று அளவும் உண்டு. தமிழ்ப் புத்தகங்களுக்கு அந்த வேலையை உங்களைப் போல எழுதுகிறவர்கள்தான் செய்ய வேண்டும்.

அட்டையை நம்பவே நம்பாதீர்கள். இப்போதெல்லாம் வளர்ந்தவர்களுக்கான காதல் நாவலுக்கும் இளஞ்சிவப்பில் கார்ட்டூன் அட்டை போடுகிறார்கள். பிக் பேட் வுல்ஃப் மாதிரி மலிவு விற்பனையில் கூடை நிறைய அள்ளும் அம்மா, மூன்றாம் படிவம் படிக்கும் மகளுக்கென்று இதையும் சேர்த்து எடுத்துப் போவார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதிப்பாளர்கள் ஒட்டும் பெயரும் மாறுகிறது. சாரா ஜே. மாஸின் ‘ஏ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015இல் பதின்ம வயதினருக்கான வரிசையில்தான் வெளிவந்தது, 2020இல் புது அட்டையோடு பெரியவர்களுக்கான வரிசைக்கு மாற்றினார்கள். பினாங்கில் சௌராஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் எந்தப் பதிப்பு கைக்கு வரும் என்று யார் கண்டது? அதனால் யாருக்கான புத்தகம் என்பதை நீங்கள் வாசித்ததை வைத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் சட்டம். நம் மலேசியாவில் இதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி உள்துறை அமைச்சு ஒரு நூலைத் தடை செய்யலாம், 2015இல் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ நாவல்கள் மூன்றையும் அப்படித்தான் தடை செய்தார்கள். தடையான நூலைத் தகுந்த காரணம் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே 5,000 ரிங்கிட் வரை அபராதம் போட அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே ஒரு நூலைப் பற்றி எழுதும் முன் அது தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் ஆபாசமானதைப் பதிவிட்டால் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இருக்கிறது. வெளிப்படையான பத்திகளை நாவலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். காட்சி இருக்கிறது, இந்த அளவுக்கு இருக்கிறது, கதைக்கு இதைச் செய்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொன்னாலே போதும், விமர்சனமும் அப்போதுதான் உங்களுடையதாக இருக்கும்.

அந்தக் காட்சிகளை எழுத்தாகவும் எடைபோடுங்கள். இதை ஏனோ எல்லாரும் தவிர்க்கிறார்கள். சண்டைக் காட்சி நன்றாக இருந்ததா என்று எழுதுகிறோம், இதை மட்டும் ‘இருக்கு’, ‘இல்லை’ என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் இருவருக்கும் இடையில் எதாவது மாறியதா? எடுத்துவிட்டால் கதையில் ஓட்டை விழுமா? குறுந்தொகையில் கபிலரின் பாடல் ஒன்று உண்டு. காதலன் தன்னைச் சேர்ந்த நேரத்தில் வேறு யாரும் அங்கே இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகு மட்டும்தான் இருந்தது, அப்படி நடக்கவே இல்லை என்று அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி கேட்கிறாள். உடலைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே, சேர்ந்ததால் அவள் எவ்வளவு ஆபத்தில் நிற்கிறாள் என்பது முழுதாக வந்துவிடுகிறது. பக்கம் பக்கமாக விவரித்தும் அவளுக்கு என்ன பயம், என்ன ஆசை என்று சொல்ல முடியாத நாவல்களை நிறையவே வாசித்திருக்கிறேன், அங்கே குறை சூட்டில் இல்லை, எழுத்தில்தான்.

வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயத்தையும் கேட்டிருந்தீர்கள். புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறு ஒன்றுமில்லை, நம் காதல் நாவலாசிரியைகளே நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். தமிழில் இன்னொரு சிக்கலும் வரும், எழுத்தாளரே உங்கள் பதிவைப் படிப்பார், அவருடைய வாசகக் குழுவில் உள்ளவர்களும் வருவார்கள், ‘எங்க அக்காவை எப்படிச் சொல்லலாம்’ என்பார்கள். புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள், எந்த அத்தியாயம் என்று சொல்லி எழுதுங்கள், எழுதியவர் எப்படிப்பட்டவர் என்ற பக்கமே போகாதீர்கள். அத்தியாயத்தைக் காட்டிப் பேசினால் கோபமாக வந்தவர்களிலும் சிலர் திரும்பப் போய்ப் புரட்டிப் பார்ப்பார்கள், எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

முதல் விமர்சனத்துக்கு உங்களுக்கு ரொம்பப் பிடித்த நாவல் ஒன்றையே எடுங்கள். பிடித்த நாவலில் உறுத்திய இடத்தைச் சொல்வதுதான் கடினம், அது முடிந்துவிட்டால் மற்றதெல்லாம் வரும். எழுதியதும் இங்கே கருத்தில் போடுங்கள், நான் கட்டாயம் வாசிப்பேன்.