முளைப்பாரி அழுகுவது ஏன்?

கேள்வி: பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் தெருவில் போட்ட முளைப்பாரியில் பாதி, ஐந்தாம் நாளே அடியில் அழுகிச் சாய்ந்துவிட்டது. இருட்டறையில்தான் வைத்தோம், தண்ணீரும் தவறாமல் ஊற்றினோம். எங்கே பிசகு?
- வாசகி, மேலூர்

பதில்: ஊற்றிய தண்ணீர் வடிய வழி இருந்ததா? இப்போது பலரும் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பேசினில் போடுகிறார்கள். அடியில் தேங்கும் நீரில் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். பழைய முறை எவ்வளவோ மேல்: அடி உடைத்த மண்பானை, குறுக்கே சோளத்தட்டை, மேலே வைக்கோல், அதற்கு மேல் நான்கு விரல் கனத்துக்குச் சலித்த எரு. மிஞ்சிய தண்ணீர் வைக்கோல் வழியே சொட்டிப் போய்விடும். எரு நன்றாக மக்கிக் காய்ந்திருக்க வேண்டும்; பச்சைச் சாணம் சூடு கிளப்பி வேரை வேகவைத்துவிடும்.

முத்து, அதாவது பாரிக்கான விதைப்பயறு, எடுத்ததும் 20 பயறை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள். பதினாறுக்குக் குறைவாக முளைத்தால் அந்தப் பயறே வேண்டாம். முளைக்காதது மண்ணுக்குள் பூசணம் பிடித்து, பக்கத்து முளையையும் கெடுக்கும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, இரவு துணியில் கட்டிவைத்து, வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் பரப்புங்கள். ஓரடி அகலப் பானை ஓட்டுக்குச் சுமார் 150 கிராம் தட்டாம்பயறு போதும். முத்துகள் ஒன்றையொன்று தொடலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. அள்ளி ஊற்றாமல், காலையும் மாலையும் கையால் தெளியுங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சாய்ந்த பாரியைக் காட்டி அந்த வீட்டுப் பெண்ணைக் குறை பேசுவது பெரிய அநியாயம். பிழை பேசினில் இருக்கிறது.

கேள்வி: ஒன்பது தானியமும் போட வேண்டுமா?
- வாசகர், பேரையூர்

பதில்: உங்கள் கோயில் வழக்கம் எதுவோ அதுவே சரி. தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சை, சோளம், கம்பு மட்டும் போடும் ஊர்களும் உண்டு. நெல் சேர்த்தால் ஒரு நாள் முன்னதாகவே ஊறவையுங்கள், அது மெதுவாகத்தான் முளைக்கும்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் பச்சையாகிவிட்டதே?
- வாசகி, வாடிப்பட்டி

பதில்: அந்தப் பக்கம் வெளிச்சம் பட்டிருக்கிறது. வெளிச்சம் இல்லாவிட்டால் பச்சையம் உருவாகாது. தண்டு வெளிச்சம் தேடி நீண்டு, வெளிர்மஞ்சளாக வளரும். ஜன்னலை அடைத்துவிட்டு, இரவில் கும்மி கொட்டும்போது கதவைத் திறந்து டியூப்லைட் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடுவார்கள். கதவில் கனத்த சாக்குப் படுதா தொங்கவிடுங்கள், காற்று போகட்டும். ஒரு சாண் வளர்ந்ததும் சுற்றிலும் ஓலை ஈர்க்கு நட்டு நூலால் வளையம் கட்டினால் சாயாது. எடுக்கும் நாள் காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டாம், தலையில் கனக்கும். வெயில் பட்டால் துவண்டுவிடும் என்பதால் பொழுது சாய்ந்தபின் கிளம்புங்கள்.