கேளுங்கள் டீச்சரை: பாட்டியும் பன்னிரண்டு பணிப்பெண்களும்

கேள்வி: மகள் கிரேக்கப் புராணத்தைத் திருப்பி எழுதிய ஆங்கில நாவல்களாக வாங்குகிறாள். மூலக்கதையே தெரியாதவள் இதைப் படிக்கலாமா, டீச்சர்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக, அம்மா. பால்மரம் வெட்டிவிட்டு வந்து தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் பாட்டி ராமாயணம் சொல்வார். ராமன் பாதியிலேயே காணாமல் போவான். அசோகவனத்தில் சீதை என்ன சாப்பிட்டாள் என்பதுதான் கதை! நான் கம்பனைத் தொட்டது அதற்கு எவ்வளவோ பிறகு.

முதலில் மார்கரெட் அட்வுட்டின் 'தி பெனலோப்பியாட்' (2005) கொடுங்கள். சின்னப் புத்தகம். கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஒடிசியஸ் இருபது ஆண்டு கழித்து வீடு திரும்புகிறான். மனைவி பெனலோப்பியைப் பெண் கேட்டு வந்து தங்கியவர்களைக் கொல்கிறான். அவர்களோடு படுத்தார்கள் என்று பன்னிரண்டு பணிப்பெண்களை அவன் மகன் தூக்கில் தொங்கவிடுகிறான். ஹோமருக்கு அது சில வரிகள்தான். அட்வுட் அந்தப் பன்னிரண்டு பேரையும் பேசவிடுகிறார். படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, பெயர் கூப்பிட்டால் மட்டும் நிமிர்ந்த எங்கள் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள்.

மாடலின் மில்லரின் 'சர்ஸி'யும் (2018) நன்று. ஆட்களைப் பன்றியாக்கிய சூனியக்காரி தன் கதையைத் தானே சொல்கிறாள். இந்த வகையில் சில நாவல்களில் அந்தக் காலத்துப் பெண்கள் கோலாலம்பூர் ஆபீஸ்காரிகள் மாதிரி பேசுவார்கள். அவை எனக்கு ஒத்துவராது.

கூடவே புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தையும் வாசித்துக் காட்டுங்கள். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். மகளுக்குத் தமிழ் வாசிப்பு தடுமாறினால் நீங்களே படியுங்கள், சத்தமாக.