மே மாதத்தில் ஒரே நாள் திருநெல்வேலி: குற்றாலமும் அல்வாவும் முடியுமா?

மே முதல் வாரத்தில் ஒரே நாளில் குற்றாலத்தில் குளியல், மதியம் நெல்லையப்பர் கோயில், இருட்டுக்கடை அல்வா என்று திட்டம் போட்டு, முடியுமா என்று கேட்கிறீர்கள். குற்றாலத்தை விட்டுவிடுங்கள், அண்ணாச்சி. அப்போது பெரும்பாலும் அருவியில் தண்ணீர் இல்லாமல் பாறையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். சீசன் ஜூனில்தான் சூடுபிடிக்கும். ஊரில் இருந்தபோது பள்ளி லீவில் குளித்த ஞாபகம் என்கிறீர்களே, அது கோடை மழை பெய்த வருஷமாக இருக்கும்.

அதற்குப் பதில் விடியற்காலையிலேயே பாபநாசம் அகஸ்தியர் அருவிக்குப் போங்கள். தாமிரபரணி அங்கே கோடையிலும் விழும். திரும்பும்போது கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க மறக்க வேண்டாம்.

உங்கள் திட்டம் இடிக்கிற இடம் மதியம்தான். நெல்லையப்பர் கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள். எதிரே இருக்கும் இருட்டுக்கடை அல்வாக்கடையோ சாயங்காலம் ஐந்து மணிவாக்கில்தான் திறக்கும். அதனால் இரண்டையும் மாலைக்குத் தள்ளுங்கள். நடை திறந்ததும் உள்ளே போய், நடராஜர் சபையான தாமிர சபையின் மரச் சிற்பங்களை நிதானமாகப் பாருங்கள். அவசரமாகக் கும்பிட்டு ஓடுகிறவர்கள் தவறவிடுவது அதைத்தான். அப்புறம் அல்வாக்கடை வரிசை. வீட்டுக்குக் கிலோ கணக்கில் கட்டினாலும், நூறு கிராம் இலையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். நெய் விரலில் வழியும் சூட்டில் இருக்கும் ருசி மறுநாள் டப்பாவில் இருக்காது.

முந்தின நாள் அம்பாசமுத்திரம் பக்கம் யாரிடமாவது அருவியில் குளிக்க விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது புலிகள் காப்பகப் பகுதி. வெள்ளம் வந்தாலோ வேறு காரணத்துக்கோ வனத்துறை செக்போஸ்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடும்.