பல்ராஜ் சாஹ்னி நடிக்கவில்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் பிரிவினையைப் பற்றிய ‘கரம் ஹவா’ படத்தைப் பார்த்தேன். பல்ராஜ் சாஹ்னியின் படம் எதையும் அதற்கு முன் பார்த்ததில்லை. மகள் இறந்துகிடக்கும் அறைக்குள் அவர் வரும் காட்சியோடு படத்தை நிறுத்திவிட்டு, மறுநாள்தான் மீதியைப் பார்க்க முடிந்தது. பிறகு தேடிப் படித்தேன். அதற்குச் சற்று முன்புதான் அவருடைய சொந்த மகளும் இறந்திருக்கிறார். அப்படியென்றால் அங்கே அவர் நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறார், இல்லையா? நான் ஒரு நாடகக் குழுவில் இருக்கிறேன். எங்கள் பயிற்சியாளரும் “நடிக்காதே, நீ நீயாக இரு” என்றுதான் சொல்கிறார். அடுத்த நாடகத்தில் எனக்கு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வேடம். நல்ல நடிப்புக்குப் பயிற்சியெல்லாம் உண்மையில் தேவைதானா? இன்னும் இரண்டு கேள்விகள். திலீப் குமார், பல்ராஜ் சாஹ்னி இருவரில் யார் பெரிய நடிகர்? கம்யூனிஸ்டாக இருந்தவர் ஜூஹுவில் பங்களா கட்டியது முரண்பாடு இல்லையா?

எம்.

அன்புள்ள எம்.,

பல்ராஜ் சாஹ்னி தன் சினிமா வாழ்க்கையைப் பற்றி எழுதிய சுயசரிதையை மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். யார் பெரியவர் என்ற கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. இருவரையும் பாருங்கள், போதும். பங்களா விஷயம்: கட்சி ஊர்வலத்தில் கைதாகி ஆர்தர் ரோடு சிறையில் இருந்த மனிதர் அவர். சிறையிலிருந்து அனுமதி வாங்கி ‘ஹல்சல்’ படப்பிடிப்புக்கு வந்து நடித்துவிட்டு, திரும்பவும் சிறைக்குப் போயிருக்கிறார். அந்தப் படத்தில் அவருக்கு ஜெயிலர் வேடம். சினிமாவுக்கு வந்தபின் நாற்பதை நெருங்கும்வரை நிலையான வருமானம் இல்லாமல் இருந்தவர், பிறகு உழைத்துச் சம்பாதித்து ஒரு வீடு கட்டினார். அதில் குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தால் வேறு எதையும் பார்க்க நேரம் இருக்காது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபம் உங்கள்மேல் பாதி, “நீ நீயாக இரு” என்று சொல்லிக்கொடுப்பவர்கள்மேல் பாதி.

“அவர் நடிக்கவில்லை, வாழ்ந்தார்.” புகழ்ச்சி என்று நினைத்துத்தான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். இது அந்த மனிதரின் உழைப்பு முழுவதையும் ஒரே வரியில் பிடுங்கிக்கொள்வது என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை? அவருடைய துக்கத்துக்குப் பாராட்டு கொடுக்கிறீர்கள், கலைக்குக் கொடுக்க மறுக்கிறீர்கள்.

அவர் ‘அவராகவே’ இருந்திருந்தால் திரையில் யாரைப் பார்த்திருப்போம்? 1913இல் ராவல்பிண்டியில் வசதியான வீட்டில் பிறந்தவர். லாகூர் அரசுக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து எம்.ஏ. வாங்கியவர். சாந்திநிகேதனில் ஆசிரியர். சேவாகிராமத்தில் காந்தியின் பக்கத்தில் கொஞ்ச காலம். உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது லண்டன் பிபிசியில் அறிவிப்பாளர். பேச்சிலும் நடையிலும் உடையிலும் படித்த துரை. ‘தோ பிகா ஜமீன்’ படத்துக்காக முதன்முதலில் சந்தித்தபோது, ஆள் மாறி வந்துவிட்டது என்றே இயக்குநர் பிமல் ராய் நினைத்திருக்கிறார். கடனுக்காக நிலத்தைப் பறிகொடுக்கவிருக்கும் விவசாயி ஷம்பு எங்கே, கோட்டும் சூட்டுமாக வந்து நிற்கும் இந்த ஆள் எங்கே? வங்கப் பஞ்சத்தைப் பற்றி 1946இல் வந்த ‘தர்தி கே லால்’ படத்தில் விவசாயியாக நடித்ததைச் சொல்லித்தான் சாஹ்னி அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது.

வேடம் கிடைத்ததும் அவர் செய்ததைக் கவனியுங்கள். பம்பாய் ஜோகேஸ்வரியில் எருமை வைத்துப் பால் கறக்கும் வடநாட்டு பையாக்கள் இருந்தார்கள். அவர்களிடம் போனார். எப்படி உட்காருகிறார்கள், எப்படி நடக்கிறார்கள், தலையில் துண்டை எப்படிச் சுற்றுகிறார்கள் என்று பார்த்தார். அவ்வளவு செய்தும் கல்கத்தாவில் படப்பிடிப்பு தொடங்கியபோது ஒன்றும் சரிவரவில்லை. தனக்கு இது வராது என்று மனம் உடைந்து உட்கார்ந்திருந்தபோது, நடுத்தர வயது ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வந்து இங்கே என்ன நடக்கிறது என்று விசாரித்தார். சாஹ்னி அவருக்குப் படத்தின் கதையைச் சொன்னார். அந்த மனிதரின் கண்ணில் நீர் வந்துவிட்டது. இது என் கதையாயிற்றே என்றார். அவருக்கும் பீகாரில் கொஞ்சம் நிலம் இருந்திருக்கிறது. ஜமீன்தாரிடம் அடகு. அதை மீட்கத்தான் இந்த ஊருக்கு வந்து வண்டி இழுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த நிமிடத்திலிருந்து நடிப்புக் கொள்கைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அந்த மனிதரைத் தனக்குள் வாங்கிக்கொள்ள முயன்றதாக சாஹ்னி எழுதுகிறார். இந்த இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, “பார்த்தீர்களா, பயிற்சி தேவையில்லை” என்று நீங்கள் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அவசரப்படாதீர்கள். அவர் உள்ளே வாங்கிக்கொண்டது யாரை? தன்னையா? தனக்கு முன்னால் நின்ற இன்னொருவரை. உங்கள் பயிற்சியாளர் சொல்வதற்கு நேர் எதிர்த்திசை இது. தன் படிப்பையும் பேச்சையும் மறந்து, முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வர இடம் விட்டிருக்கிறார். ஜோகேஸ்வரிக்குப் போகாதவருக்கு அந்த ரிக்‌ஷாக்காரர் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்.

கல்கத்தாவில் சில காலம் நான் வேலை பார்த்திருக்கிறேன். மழை பெய்து காலேஜ் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் டாக்ஸி வராது, கை ரிக்‌ஷாதான். ஏற மனம் வராமல் நின்று, வேறு வழியில்லாமல் ஏறி, கூசிப்போய் உட்கார்ந்திருப்பேன். தெருமுனையில் வழக்கமாக நிற்கும் பீகார்க்காரர் ஒருவரோடு பேச்சுப் பழக்கம் உண்டு. விரலில் சின்ன வெண்கல மணியை மாட்டிக்கொண்டு வண்டியின் கைமரத்தில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே ஓடுவார். அந்தச் சத்தம்தான் ஹாரன். இழுப்பது பெரிய காரியமில்லை என்பார். நிறுத்துவதுதான் கஷ்டமாம். ஓட்டத்தில் இருக்கும் வண்டி பின்னாலிருந்து முதுகைத் தள்ளும். குதிகாலைத் தரையில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, அந்த வேகத்தை முதுகில் வாங்கி அடக்க வேண்டும். கைமரம் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டால் சவாரி மல்லாந்து விழும். அவருடைய குதிகால் மரக்கட்டைபோல வெடித்திருந்தது.

அதைப் பார்த்த பிறகு ‘தோ பிகா ஜமீன்’ படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். சவாரி கூடுதல் காசு தருகிறேன், இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று விரட்ட, ஷம்பு கண்மண் தெரியாமல் ஓடி, சக்கரம் கழன்று விழும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கையையும் தோளையும் பார்த்தேன். காலேஜ் தெருவில் பார்த்த அதே உடம்பு. ஆங்கில இலக்கியம் படித்த உடம்புக்கு அது தானாக வந்துவிடாது. வெறுங்காலோடு கல்கத்தா ரோட்டில் வண்டியை இழுத்து இழுத்துத்தான் வந்திருக்கிறது.

‘கரம் ஹவா’வுக்கு வருவோம். மகள் ஷப்னம் 1972இல் இறந்தார். அந்தத் துயரத்தோடுதான் அவர் சலீம் மிர்சாவாக நின்றார். அதை நான் மறுக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மகளை இழந்த தகப்பனை அதே போன்ற ஓர் அறைக்குள் அனுப்பினால் என்ன ஆவார்? கதறுவார், சரிந்து விழுவார், வெளியே ஓடிவிடுவார். சாஹ்னி உள்ளே வந்து, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றார். அலறல் இல்லை, வசனம் இல்லை. ஆக்ராவில் செருப்புத் தொழிற்சாலை நடத்தும், உறவினர்களை ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்கு ரயிலேற்றிவிட்டு வந்த சலீம் மிர்சா எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். பல்ராஜ் சாஹ்னி வீட்டில் எப்படி அழுதார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது நமக்குத் தேவையும் இல்லை. சொந்தத் துக்கம் வேடத்தை மூழ்கடித்துவிடாமல் பிடித்து நிறுத்த ஒரு பிடிமானம் வேண்டும். கால் நூற்றாண்டுக்கும் மேல் செய்த சாதகம்தான் அந்தப் பிடிமானம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படத்துக்குப் படப்பிடிப்பின்போதே ஒலி பதிவு செய்யப் பணம் இல்லை. வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்த்தார்கள். அதாவது சலீம் மிர்சாவின் வாழ்க்கையை அவர் இருட்டறையில் இன்னொரு முறை முதலிலிருந்து பேச வேண்டியிருந்தது. தன் உதட்டசைவைத் திரையில் பார்த்து, அதற்குப் பொருந்தும்படி. ‘வாழ்ந்தார்’ என்று சொல்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? மனிதன் எத்தனை நாள்தான் தனியாக வாழ முடியும் என்ற கருத்தில் வரும் வரியைப் பேசி டப்பிங்கை முடித்தார். மறுநாள், 1973 ஏப்ரல் 13, மாரடைப்பில் போய்விட்டார். அறுபது வயதாக இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. படம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

எம்., கடிதத்தைப் படித்தால் நல்ல மனசு உங்களுக்கு என்று தெரிகிறது. ஒரு காட்சியைத் தாங்க முடியாமல் படத்தை நிறுத்தும் இளைஞரை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். உங்களுக்குக் கிடைத்திருப்பது வாட்ச்மேன் வேடம். அதற்கு நீங்கள் நீங்களாக இருந்து என்ன பயன்? நீங்கள் இருக்கும் தெருவிலேயே ஒரு வாட்ச்மேன் இருப்பார். இன்று இரவு பிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு அவரிடம் போங்கள். விடியும்வரை அங்கேயே இருங்கள். பேட்டி எடுக்காதீர்கள், போனில் படம் பிடிக்காதீர்கள். கார் ஹாரன் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழ முதலில் எதைப் பிடிக்கிறார், செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு தூங்குகிறாரா கழற்றிவிட்டா, மூன்று மணிக்கு மேல் கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பேச வந்தால் ஊரைப் பற்றிக் கேளுங்கள். அவருக்கும் எங்கேயாவது கொஞ்சம் நிலம் இருந்திருக்கலாம். பார்த்ததை எனக்கு எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.