முற்றத்துக்கு நேர் மேலே திருவாதிரை: கேள்வி பதில்

போன சனிக்கிழமை கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில், முட்டைச் சுண்ணாம்பு பூசிய சுவரையே திரையாக்கி டைம்லேப்ஸ் (விட்டு விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் வீடியோ) ஒன்று போட்டுக் காட்டினேன். பாலைவனத்தில் வரிசையாக நிற்கும், வானத்து ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கிண்ண வடிவ ரேடியோ தொலைநோக்கிகள், அவற்றின் மேல் சுழலும் வானம். சுவர் பளபளப்பில் கொஞ்சம் கண் கூசியது, அதை மன்னித்துவிட்டீர்கள். நான்கு நிமிடப் படத்துக்கு ஒன்றரை மணி நேரக் கேள்விகள். சீட்டில் எழுதிக் கொடுத்தவற்றையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: அத்தனை கிண்ணமும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்புதே, யார் சொல்லித் திருப்புறது?

கம்ப்யூட்டர்தான், ஆச்சி. படத்தில் பார்த்தது அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருக்கும் விஎல்ஏ (வெரி லார்ஜ் அர்ரே) என்ற தொலைநோக்கி வரிசை. 25 மீட்டர் அகலக் கிண்ணங்கள் 27, ஒய் எழுத்து வடிவத்தில் போட்ட தண்டவாளங்களில் நிற்கின்றன. எல்லாம் ஒரே இடத்தைப் பார்க்கும். ஒவ்வொன்றும் பிடித்த அலையை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சேர்த்தால், அந்தக் கிண்ணங்கள் பரவியிருக்கும் தூரம் அளவுக்கு ஒரே பெரிய கிண்ணம் இருந்தால் எவ்வளவு நுணுக்கமாகத் தெரியுமோ, அவ்வளவு நுணுக்கம் கிடைக்கும். நம் நாட்டிலேயே புனே பக்கம் கோடத் கிராமத்தைச் சுற்றி 45 மீட்டர் கிண்ணங்கள் 30 இருக்கின்றன.

கிண்ணம் எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். மழை பெய்தால் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்துக்கு இறங்குது, நாம் கிடாரத்தை வைத்துப் பிடிக்கிறோம். கூரை பெரிதானால் கிடாரம் சீக்கிரம் நிறையும். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலை வெறும் தூறல். அதனால்தான் அவ்வளவு பெரிய கூரை.

தேவகோட்டை கல்லூரி மாணவர்: சில கிண்ணங்கள் வெறும் கம்பி வலையாகத் தெரிகின்றனவே, அலை ஒழுகிவிடாதா?

ஒழுகாது. கோலிக்குண்டு நுழையும் ஓட்டையில் தேங்காய் நுழையுமா? அலையின் நீளத்தைவிட ஓட்டை மிகச் சிறியதாக இருந்தால் போதும், அலைக்கு அது தகடு மாதிரிதான். காற்று மட்டும் ஊடே போய்விடும், எடையும் குறையும்.

இதற்கு நல்ல உதாரணம் ஊட்டியிலேயே இருக்கிறது. முத்தோரையில் 1970-இல் செயல்படத் தொடங்கிய தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. கிண்ணமே இல்லை; 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் குறுக்கே வெட்டிய குழாய் மாதிரி ஒரு வளைவு. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்தான் அதன் பரப்பு. அது பிடிக்கும் அலையின் நீளம் கிட்டத்தட்ட 92 சென்டிமீட்டர். கம்பிகளுக்கு இடையே இருப்பது சில சென்டிமீட்டர்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதை வைத்த இடம். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவு உள்ள மலையைத் தேடி, வடக்கு தெற்காகக் கிடத்தினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சும் பூமியின் அச்சும் இணை. கிழக்கிலிருந்து மேற்கே உருட்டிக்கொண்டே போனால் போதும், ஒரே பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். மலையையே கருவியின் பாதியாக்கிய கெட்டிக்காரத்தனம்!

காரைக்குடி போட்டோகிராபர் தம்பி: படத்தில் நட்சத்திர வட்டங்களின் நடுப்புள்ளி உயரத்தில் இருந்தது. நான் எடுத்தால் பாதி வட்டம் தரைக்குள் போகிறது. என் தப்பா?

உன் தப்பில்லை, ஊர் அப்படி. துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறக்குறைய ஊரின் அட்சரேகைதான். விஎல்ஏ இருப்பது 34 டிகிரியில், காரைக்குடி 10 டிகிரியில். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வை, அதன் மேல் விளிம்புதான் பத்து டிகிரி. அதாவது கண்மாய்க் கரைப் பனைமரங்களின் தலைக்குப் பக்கத்தில். அந்தப் பனைகளைச் சட்டகத்துக்குள் கொண்டு வா, அந்த ஊர்க்காரர்களுக்கு வாய்க்காத படம்.

கணக்கு: 24 மில்லிமீட்டர் லென்ஸில் 20 விநாடி எக்ஸ்போஷர், இடையில் 2 விநாடி. மூன்று மணி நேரத்தில் சுமார் 490 படங்கள். விநாடிக்கு 25 என்று ஓட்டினால் 20 விநாடி வீடியோ, அதில் வானம் 45 டிகிரி நகர்ந்திருக்கும். நிறம் அவ்வளவு தூக்கலாக வருவது கேமராவால். இருட்டில் நம் கண்ணுக்கு நிறம் பிரியாது.

பனியை மறக்காதே. போன மார்கழியில் மொட்டைமாடியில் கேமராவை ஓடவிட்டுத் தூங்கிப் போனேன். முதல் இருநூறு படங்களுக்கு அப்புறம் லென்ஸில் பனி படிந்து எல்லாம் மோர் ஊற்றிய மாதிரி.

அதே தம்பி: தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே போய் எடுக்கலாமா?

முன்கூட்டி அனுமதி வாங்கினால். கேமரா, செல்போன், புளூடூத் ரிமோட் எல்லாமே ரேடியோ இரைச்சல் எழுப்புபவை. சந்திரனில் ஒரு செல்போனை ஆன் செய்து வைத்தால், அது வானத்தின் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்றாகத் தெரியும். அப்படியிருக்க அடிவாரத்திலேயே போனை நீட்டினால்? ட்ரோன் பேச்சே வேண்டாம்.

புதுவயல் ஆசிரியை: ராத்திரியில் மட்டும்தான் வேலை செய்யுமா?

பகலிலும்தான். ராத்திரியில் படம் அழகாக வருகிறது, அவ்வளவுதான். இந்தத் துறை தொடங்கிய கதையிலேயே சூரியன் வருகிறது. 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற அமெரிக்கப் பொறியாளர், தொலைபேசிக்கு இடைஞ்சலான இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். முதலில் சூரியன்தானோ என்று தோன்றியது. ஆனால் இரைச்சல் தினமும் நான்கு நிமிடம் முந்தி வந்தது. வானத்தில் மறுபடி அதே இடத்துக்கு வர சூரியனுக்கு 24 மணி நேரம், நட்சத்திரங்களுக்கு 23 மணி 56 நிமிடம். அந்த நான்கு நிமிடம்தான் காட்டிக் கொடுத்தது. இரைச்சல் தனுசு ராசிப் பக்கம், நம் பால்வெளியின் நடுவிலிருந்து வந்தது.

சீட்டில் பெயர் இல்லாமல்: எங்கள் வீட்டு முற்றத்திலிருந்தே எடுக்க முடியுமா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். திருவாதிரை நட்சத்திரம் நம் ஊரில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராகக் கடக்கும், தள்ளி இருப்பது மூன்று டிகிரிகூட இல்லை. மார்கழி முதல் வாரத்தில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முற்றத்துக்கு நேர் மேலே வரும். தினம் நான்கு நிமிடம் முந்தி முந்தி, மாசி பிறக்கும்போது எட்டரை மணிக்கே வந்துவிடும். ஆருத்ரா தரிசனத்தன்று மட்டும் வேண்டாம், பௌர்ணமியை ஒட்டி வருவதால் நிலா எல்லாவற்றையும் வெளுத்துவிடும்.

கேமராவை முற்றத்தின் நடுவில் மல்லாக்க வைத்து, நாலு பக்க ஓட்டு விளிம்பும் தெரிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாலை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். குரங்குக்குப் பயந்து மேலே கம்பி வலை போட்டிருந்தால் அதுவும் படத்தில் வரட்டும். நட்சத்திரங்கள் கட்டம் கட்டமாகத் தாண்டிப் போவது அதில்தான் நன்றாகத் தெரியும்.