விளம்பரமில்லாமல் விற்கும் வீடு: அட்வான்ஸுக்கு முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: சொந்த ஊர் குடியாத்தம், வேலை பெங்களூரில். காட்பாடி காந்தி நகரில் பெரிய தனி வீடு தேடுகிறேன். இணையத்தில் எதுவும் அகப்படவில்லை. "வெளிநாட்டு டாக்டர் வீடு, வெளியே தெரியாமல் கொடுக்கிறார்கள். 5 லட்சம் ரொக்க அட்வான்ஸ் கொடுத்தால் பத்திர நகல் தருகிறேன்" என்கிறார் ஒரு தரகர். நம்பலாமா?

பதில்: பத்திர நகல் முதலில், பணம் அப்புறம். இதை மாற்றிக் கேட்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

மற்றபடி ரகசியமாக விற்பதில் தவறேதும் இல்லை. வேலூரில் பெரிய வீட்டுக்காரர்கள் வாசலில் போர்டு மாட்டத் தயங்குவார்கள். "என்ன கஷ்டமோ, விற்கிறாங்க" என்ற ஊர்ப்பேச்சுக்குப் பயம். அதனால் இந்த வீடுகளைப் பற்றித் தரகருக்கு முன்பே ஆடிட்டர், பத்திர எழுத்தர், குடும்ப வக்கீல் ஆகியோருக்குத் தெரிந்திருக்கும். எந்தத் தெரு, எவ்வளவு பட்ஜெட் என்று அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

விலைதான் சிக்கல். ஒப்பிட வேறு விலை இல்லாததால் சொன்னதே விலையாகிவிடும். மனைக்குத் தனியாக, பழைய கட்டடத்துக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள். அரசு வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கானது, அதைச் சந்தை விலையாக நினைக்க வேண்டாம். பக்கத்து மனைகளின் சர்வே எண்ணைப் போட்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்) பார்த்தால் அண்மையில் பதிவான தொகைகள் தெரியும். பார்க்கக் கட்டணமில்லை. ஆனால் குறைத்துப் பதிந்தவர்களும் உண்டு, மனதில் வையுங்கள்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தாலும் நிம்மதியாகிவிட முடியாது. பதிவு செய்யாத உயில் அதில் வராது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவிக்கும் மகள்களுக்கும் பங்கு உண்டு. அளவுதான் மதத்துக்கு மதம் மாறும். எனவே தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் மூலப் பத்திரம்) தொடங்கி வாரிசுச் சான்று, பட்டா வரை வக்கீல் பார்க்கட்டும். பழைய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருக்கும்; வேலூர் முன்பு அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அது பிரச்சினையில்லை, ஆனால் சார்பதிவகம் மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

கையெழுத்துப் போடப்போவது பவர் ஏஜென்ட்டா, அதாவது உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்திருப்பவரா? அந்தப் பவர் வெளிநாட்டில் எழுதப்பட்டிருந்தால், இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். டாக்டரிடமே வீடியோ காலில் ஒருமுறை பேசிவிடுங்கள்.

கிரய ஒப்பந்தத்தை, அதாவது கிரயப் பத்திரத்துக்கு முன் போடும் விற்பனை உடன்படிக்கையை, பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். கூடவே நாளிதழில் பொது அறிவிப்பு கொடுக்கச் சொல்லுங்கள். ரகசியம் போய்விடும் என்று விற்பவர் முகம் சுளிப்பார். என் கருத்தில் இங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. மறைந்திருக்கும் பங்காளி வெளியே வர வேறு வழி குறைவு.

அட்வான்ஸ் வங்கி வழியாகவே போகட்டும். வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். 50 லட்சத்துக்குக் குறையாத வீட்டுக்கு, விற்பவருக்குத் தரும் பணத்தில் நீங்கள் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்டினால் போதும் என்று தரகர் சொல்வார். அது உள்நாட்டில் வசிப்பவருக்கு. டாக்டர் வெளிநாடுவாசி என்றால் பிடித்தம் பல மடங்கு; பிடிக்காவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில். ஒப்பந்தத்தில் தொகை எழுதும் முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.